சிந்துஜன் கீறின வீடு

கொம்பியூட்டரை விற்றவன் ஏமாற்றிப்போட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏமாற்றாமல் விற்பார்கள் என்று நினைக்க நான் என்ன சின்னப்பிள்ளையா? இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த நாள்தொட்டு எனக்கு உண்மை சொன்ன ஆள் ஒருத்தனைக் காட்டு என்றால், கனநேரம் யோசிக்க வேண்டிவரும்.

அந்தக் கொம்பியூட்டர் என் மகன் சிந்துஜனுடையது. கடற்கரைப்பக்கம் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவின சம்பளத்தில் வாங்கினவன். போன வருசம் ஆவணியில், வேலை முடிந்து மோட்டரினோ ஸ்கூட்டரில் வரும்போது ஒரு கார்க்காரன் இடித்துப்போட்டு நிற்காமல் போய்விட்டான். அதைப்பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. அன்றைக்கு என் மனைவி செல்வமலர் கடைக்கு ரெலிபோன் எடுத்து, "பிட்டு அவிச்சு வைச்சிருக்கிறன், ஆறமுன்னம் வா" என்று அவனுக்குச் சொன்னவள். அவள் கூப்பிடாமல் விட்டிருந்தால் அவன் கடையிலேயே சாப்பிட்டு ஆறுதலாக வந்திருப்பானாம். "நான்தானே கூப்பிட்டனான்." அரிசி கழுவும்போது சொல்லுவாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லுவாள். வேலைவீட்டில் அயன்பெட்டியால் உடுப்பு மினுக்கும்போதும் சொல்லி, அந்த வீட்டுக்காரி சிஞ்ஞோரா பயந்துபோய் அவளைக் கொஞ்சநாள் வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டாள். சாப்பாடு இல்லை. டொக்டர் குளிசை தந்தான். குளிசையைப் போட்டால் நித்திரை வந்தது, எழும்பினவுடன் அதே வசனம் வந்தது.

அவளை எழுப்பி இருத்தினது குளிசை இல்லை. அந்தப் பெட்டிதான்.

நாங்கள் இருக்கிறது அல்பெர்கேரியாவில், பலாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், நிலமட்டத்தில் ஒரு அறை. யன்னல் கிடையாது. கதவைத் திறந்து வைத்தால் வெளிச்சமும் மீன்காரன் கத்துகிற சத்தமும் சேர்ந்து வரும். வீட்டுப் படம் கீறுகிற ஒரு புரோகிராமில் சிந்துஜன் இந்த அறையைக் கீறி வைத்திருந்தான். சும்மா படம் இல்லை. அம்புக்குறி போட்ட பொத்தானை அமத்தினால் நாங்கள் கதவுக்குள்ளால் உள்ளே போவோம், திரும்புவோம், அடுப்பைப் பார்ப்போம். எல்லாம் எங்கள் அறைதான். பின்சுவரில் மட்டும் அவன் ஒரு பெரிய யன்னல் வைத்து, அதற்கு அந்தப்பக்கம் கடலைக் கீறியிருந்தான். உள்ளபடிக்கு அந்தச் சுவருக்கு அங்காலே இருக்கிறது அடுத்த வீட்டுக்காரன்ரை கக்கூசு.

யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றான். புரோகிராமோடு வருகிற பொம்மை. நீலச் சேட்டு. வெள்ளைக்காரப் பொம்மைக்கு மகன் எங்கள் நிறத்தைப் பூசியிருந்தான். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை.

"இஞ்சாருங்கோ, பிள்ளை நிக்கிறான்" என்றாள் செல்வமலர்.

"அது பொம்மையப்பா. மூஞ்சையே இல்லை."

"உங்களுக்கு எப்பவும் இல்லாததுதான் தெரியும்."

அன்றிலிருந்து மெல்ல எழும்பி, வேலைக்கும் திரும்பப் போனாள். பின்னேரம் வேலையால் வந்து, கால்முகம் கழுவி, கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாள். அம்புக்குறியை ஒவ்வொன்றாக அமத்தி, கதவால் உள்ளே போய், அடுப்பைத் தாண்டி அவனுக்குக் கிட்டப் போய் நிற்பாள். சிஞ்ஞோரா என்ன சொன்னாள், சந்தையில் கத்தரிக்காய் எப்படிக் கிடக்கிறது என்று கதைப்பாள். பிறகு எழும்பிச் சாப்பிடுவாள். அந்த வசனம் குறைந்தது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் சுகமாக்குகிற மருந்தை என்ன இலை என்று கிண்டிக் கேட்கிற ஆளும் இல்லை நான்.

அப்படி இருக்கத்தான் பெட்டி குழப்படி செய்யத் தொடங்கியது. வீட்டுக்குள் கொஞ்சத்தூரம் போனதும் சுவரெல்லாம் கோடுகோடாகக் கிழியும். பச்சையும் ஊதாவுமாகப் புள்ளி கொட்டும். பிறகு எல்லாம் அப்படியே உறைந்துவிடும், எந்தப் பொத்தானுக்கும் மறுமொழி இல்லை. அணைத்துப் போட்டால் திரும்ப வரும், வீட்டைத் திறந்தால் திரும்பக் கிழியும். நீலச் சேட்டுக்காரன் இடுப்போடு இரண்டாகப் பிரிந்து நின்றதைப் பார்த்து செல்வமலர் போட்ட கூச்சலுக்கு மீன்காரன் கத்தியோடு ஓடிவந்தான்.

கொட்வினைக் கூப்பிடுங்கோ, கூப்பிடுங்கோ என்று நின்றாள். கொட்வின் மன்னார்ப் பொடியன், வேதக்காரன், மகனோடு அதே கடையில் வேலைசெய்தவன். மகனுக்குப் புரோகிராமைக் கொடுத்ததும் அவன்தான். படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக் கார்ட் என்று ஒரு தகடு பெட்டிக்குள் இருக்கிறது. அதுவும் அவன் பாவித்துவிட்டுக் கொடுத்தது. எனக்கு அது காணும் சந்தேகப்பட.

வந்தவனை இருக்கச் சொல்லவும் இல்லை, கேட்டேன்.

"உன்ரை கார்ட்தானே உள்ளுக்கு?"

"ஓம் அங்கிள். நான்தான் குடுத்தனான்."

"பழுதெண்டு தெரிஞ்சுதானே குடுத்தனீ?"

"பழுதைக் குடுக்கிறதெண்டா உங்களுக்கெல்லோ குடுத்திருப்பன். அவன் என்ரை சிநேகிதன்."

செல்வமலர் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தபடியால் நானும் அதோடு விட்டேன்.

கொட்வின் எழுத்து அடிக்கிற புரோகிராமைத் திறந்து பார்த்தான், கிழியவில்லை. கணக்குப் புரோகிராமைத் திறந்தான், கிழியவில்லை. வீட்டைத் திறந்தான், கிழிந்தது. "பாரமான படம் வந்தா மட்டும்தான் விழுது. கார்ட்டிலைதான் சந்தேகம் அங்கிள். ஒண்டில் சூடு, ஒண்டில் தொடுகை இல்லை, ஒண்டில் அதுக்கு வயசு போட்டுது" என்றான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். கழற்றின திருகாணி எல்லாவற்றையும் நான் வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டேன். கார்ட்டை உருவி, அதன் பொன் பல்லுகளைப் பள்ளிக்கூடத்து அழிறப்பரால் தேய்த்தான். அதிலே ஒட்டியிருந்த குட்டிக் காற்றாடியை விரலால் சுற்றிவிட்டான். சுற்றியது. ஊதித் தூசி தட்டினான்.

திரும்பப் பூட்டமுதல் நான் செல்வமலரின் தையல்பெட்டிக்குள்ளிருந்து வெள்ளை நூல் எடுத்து, கார்ட்டின் தகரக் கரையில் ஒரு முடிச்சுப் போட்டேன்.

"என்ன அங்கிள், நேர்த்திக்கடனோ?"

"நாளைக்கு நீ வேறையொண்டை மாத்திப்போட்டு இதுதான் அது எண்டு சொன்னா, எனக்கு அடையாளம் வேணும்."

"ஒரு சிலுவையும் கீறி விடுங்கோ. அந்தோனியாரும் பாத்துக்கொள்ளுவார்."

பெட்டி சரிவந்தது. வீடு கிழியாமல் திறந்தது. செல்வமலர் அவனுக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, "தம்பி, அந்தச் சாம்பிராணியும் முடிஞ்சுபோச்சு" என்றாள். வேதக் கோயிலில் சாமான் பார்க்கிறவன் கொட்வினுக்குச் சிநேகிதம். பூசைக்குப் பாவிக்கிற சாம்பிராணியும், வட்டக் கரிக்கட்டியும் அங்கேயிருந்து வாங்கிவந்து அவளுக்குக் கொடுப்பான். வேதக் கோயில் சாம்பிராணியை எங்கள் சாமிக்குக் காட்டலாமோ என்று நான் கேட்டதற்கு, புகைக்குச் சமயம் இல்லை என்றாள்.

எங்கள் அறையில் சாமிக்கு ஒதுக்க இருந்தது ஒரு மூலைதான். மேலே தட்டில் பிள்ளையாரும் முருகனும். அதற்குக் கீழே மகனுடைய படம், மாலையோடு. அதற்கும் கீழே ஒரு கட்டை மரவாங்கில் கொம்பியூட்டர். பெட்டி திருந்தின சந்தோசத்தில் அவள் காலையும் பின்னேரமும் சாம்பிராணி போடத் தொடங்கினாள். கர்ப்பூரமும் கொளுத்தினாள். கரித்தட்டை வாங்கிலேயே, பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். பிள்ளைக்குப் படவேண்டுமாம். பெட்டியின் முன்பக்கத்தில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். மூலையில் சுழன்ற புகை மெல்லமாக வளைந்து, அந்த வெடிப்புகளுக்குள்ளால் போகும்.

"பாருங்கோ, பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எடுக்கிறான். நான் காட்டுறதை உள்ளுக்கு எடுக்கிறான்."

நானும் பார்த்தேன். புகை உள்ளேதான் போனது. பெட்டிக்குள் காற்றை இழுக்கிற காற்றாடி இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கும் மயிர் சிலிர்த்தது.

மழைக்காலம் முடிய முதல் வீடு திரும்பவும் கிழிந்தது. இந்தமுறை உள்ளே போகவே விடவில்லை, கதவடியிலேயே உறைந்தது. செல்வமலர் முதல்நாள் சாப்பிடவில்லை. அடுத்தநாள் அரிசி கழுவும்போது அந்த வசனம் வாய்க்குள் வந்துவிட்டது. நானே போய்க் கொட்வினைக் கூட்டிவந்தேன்.

இந்தமுறை தன்னுடைய வீட்டுக் கார்ட்டையும் கழற்றி மடியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "உள்ளுக்கு இருக்கிற கார்ட்டை எடுத்திட்டு இதைப் போட்டுப் பாப்பம். இதிலையும் விழுந்தா பிழை வேறை இடத்திலை. விழாட்டி கார்ட்தான்." இந்தமுறையும் திருகாணிகளை நான் வாங்கிப் பொத்திக்கொண்டேன். மாற்றிப் போட்டான். வீடு திறந்தது. செல்வமலர் அம்புக்குறியை அமத்திக் கொண்டு கதவால் போனாள், அடுப்பைத் தாண்டினாள், கிட்டப் போனாள். கொஞ்சம் இழுபட்டுத்தான் போனது, ஆனால் கிழியவில்லை. நீலச் சேட்டுக்காரன் முழுசாக நின்றான், பின்னால் கடல்.

"வந்திட்டான்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனாள்.

"அப்ப கார்ட்தான் பழுது. நான் சொன்னனான்தானே" என்றேன்.

கொட்வின் கழற்றின கார்ட்டை வெளிச்சத்தில் பிடித்தான். காற்றாடியை விரலால் சுற்றப் பார்த்தான். அது அசையவில்லை. அதன் செட்டை இடுக்கெல்லாம் கறுப்பாக, பிசுபிசு என்று எதுவோ இறுகிப் போயிருந்தது. "அண்டைக்குத்தானே துடைச்சனான்..." என்று தனக்குள் சொன்னான்.

நான் என் நூலைத் தேடினேன். கார்ட்டை மாற்றிப்போட்டானோ என்று பார்க்கத்தான் தேடினேன், பொய் சொல்லவில்லை. தகரக் கரையில் முடிச்சு இருந்தது. நூல்தான் வெள்ளையாக இல்லை. சட்டி அடிப் பிடித்தமாதிரிக் கறுப்பு. விரலால் தேய்த்தேன், ஒட்டியது. மணந்து பார்த்தேன்.

சாம்பிராணி. கர்ப்பூரம்.

கொட்வினும் மணந்தான். சாமித் தட்டைப் பார்த்தான், வாங்கில் இருந்த கரித்தட்டைப் பார்த்தான். "அங்கிள், இது அன்ரியின்ரை பு..." என்று தொடங்கினான். அடுப்படி என்றால் என்ன, அதே அறையில் எட்டித் தொடக்கூடிய தூரம். அவளுடைய முதுகு அங்கே. அவளுக்குக் காது நல்லாய்க் கேட்கும்.

பிள்ளையைக் கூப்பிட்டுச் சாகவிட்டேன் என்று இருக்கிறவள். அந்தப் பொம்மையையும் தன்னுடைய கையாலேயே புகைபோட்டுக் கொன்றாள் என்று கேட்டால், அதற்குப் பிறகு எந்த அம்புக்குறி அவளை எழுப்பி இருத்தும்?

"டேய் கள்ளா!" என்று கத்தினேன். என்னுடைய சத்தம் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "பழுதைத் தலையிலை கட்டி என்ரை பிள்ளையை ஏமாத்தினனீ என்னடா!"

எனக்குக் கண்ணால் கெஞ்சத் தெரியாது, பழகவும் இல்லை. அவனுடைய கையைப் பிடித்து நெரித்தேன். என் கைக்குள் இருந்த திருகாணிகள் இரண்டு பேருக்கும் குத்தின. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளுடைய முதுகைப் பார்த்தான். விளங்கிவிட்டது அவனுக்கு. நான் கும்பிடாத குறை.

"என்ன, என்ன சத்தம்?" செல்வமலர் தேத்தண்ணித் தட்டோடு திரும்பினாள்.

"ஓம் அன்ரி" என்றான் கொட்வின். "கார்ட் பழுதுதான். அங்கிள் சொல்றது சரி. கனநாள் நிக்காது எண்டு தெரிஞ்சுதான் சிந்துஜனுக்குக் குடுத்தனான்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். ஒருத்தரைக் கடிந்து பேசாதவள் அவள். நான் ஆட்களைச் சந்தேகப்பட்டால், உங்களுக்கு மனிசரைக் கண்ணில் காட்டக்கூடாது என்று என்னைத்தான் பேசுவாள். அன்றைக்கு என்னுடைய வாயிலிருந்து வருகிற சொல்லெல்லாம் அவளுடைய வாயிலிருந்து வந்தது.

"இவரை நான் இவ்வளவு காலமும் பேசினனான். இவர்தான் சரி. வடை திண்ட வாயாலை எப்பிடியடா 'அன்ரி, அன்ரி' எண்டு கூப்பிட்டனீ? கோயிலுக்குப் போறவன் எண்டு நினைச்சன். சிரிச்சுச் சிரிச்சு என்ரை பிள்ளைக்குக் குப்பையைக் குடுத்திருக்கிறாய்."

"அன்ரி, இந்தக் கார்ட் இஞ்சையே இருக்கட்டும். நான் எனக்கு வேறை..."

"கழட்டு."

"செல்வமலர், அது கிடக்கட்டுமப்பா" என்றேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சு வாங்கிக்கொண்டு அவன் போய்விடுவான், அவனுடைய கார்ட் இருக்கும், வீடு இருக்கும் என்றுதான் என்னுடைய புத்தி எட்டியிருந்தது.

"கள்ளன்ரை சாமான் என்ரை பிள்ளை நிக்கிற வீட்டுக்குள்ளை இருக்கக்கூடாது. கழட்டச் சொல்லுங்கோ."

திரையில் வீடு அப்படியே திறந்து கிடந்தது. அவள் கிட்டப் போய் நீலச் சேட்டைப் பார்த்தாள். விரலால் கண்ணாடியைத் தொட்டாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொட்வின் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் அணைத்தான், கழற்றினான், கார்ட்டைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு போனான். தேத்தண்ணி குடிக்கவில்லை.

வேறு கடை இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? அவள் வேலைக்குப் போன ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் சீசாப் பகுதிக்குப் போனேன். அங்கே ஒரு இத்தாலிக்காரன் சின்னக் கடை வைத்திருக்கிறான். திறந்து மணந்துவிட்டு, இது என்ன கோயில் கொம்பியூட்டரோ என்று சிரித்தான். புதுக் கார்ட் போடலாம், வீடு திறக்கும், ஆனால் புகை காட்டினால் இதுவும் சாகும் என்றான். நான் பெட்டியைத் திரும்பத் தூக்கினேன்.

புதுசு போட்டுக் கொண்டுவந்து வைத்தால் அவள் முதல் செய்கிற காரியம் கரி பற்றவைக்கிறதுதான். வேண்டாம் என்று நான் சொன்னால் ஏன் என்று கேட்பாள். செல்வமலர் என்னைப்போலப் படிக்காதவள், மொக்கு இல்லை. இனிப் புகை கூடாது என்ற அடுத்த நிமிசம், முந்தின புகை என்ன செய்தது என்று கேட்பாள். பஸ்ஸில் வரும்வழி முழுக்க வேறொரு பொய்யைத் தேடினேன். கிடைக்கவில்லை. எனக்குப் பொய் பிடிக்கத்தான் தெரியும், பின்னத் தெரியாது.

"சரிவராதாம்" என்று அவளுக்குச் சொன்னேன்.

"அவன் குடுத்த சாமான் மற்றதுகளையும் கெடுத்திருக்கும்" என்றாள்.

கொட்வின் தந்த சாம்பிராணியைக் குப்பையில் போட்டுவிட்டுச் சந்தையில் வேறு வாங்கினாள். கறுத்துக் கிடக்கிற திரைக்கு முன்னால் இரண்டு நேரமும் போடுகிறாள். ஆனால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறதில்லை, கதைக்கிறதும் இல்லை.

மகன் போய் ஒரு வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் வந்தது. ஐயர் வந்து செய்துவிட்டுப் போனார். கொஞ்சப் பேருக்குச் சாப்பாடு. ஒழுங்கை முகப்பில், ஒலிவ்காய் விற்கிறவனுடைய கடைக்கு அருகில் கொட்வின் நிற்கிறதைக் கண்டேன். கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு போட்டு, துப்புரவாக வந்திருந்தான். வாசலுக்கு வரவில்லை. நான் ஒரு வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் கட்டி, கடுதாசியால் சுற்றிக்கொண்டு போனேன்.

"சிந்துஜனின்ரை சாப்பாடு. பிடி."

வாங்கினான். பிரிக்கவில்லை.

"அன்ரி இப்பவும் பேசுறாவோ?"

"ஓம்."

"சாப்பிடுறாவோ?"

"சாப்பிடுறாள். வேலைக்கும் போறாள்."

"அப்ப பேசட்டும் அங்கிள். சாம்பிராணி கொண்டுவந்து குடுத்தது நான்தானே. பாதிப் பொய்தான் சொன்னனான்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் எங்கேயாவது வேறு ஆள் வாயால் கேட்டுவிடுவான் என்று எனக்குப் பயம்.

"தம்பி, அவள் இப்ப 'நான்தானே கூப்பிட்டனான்' எண்டு சொல்றதில்லை."

"நல்லது."

"உன்னைத்தான் சொல்றாள். அண்டைக்கு நீதான் வேலையை அவன்ரை தலையிலை போட்டிட்டுப் போனனியாம், அதுதான் அவன் பிந்தி, அவதிப்பட்டு வேகமாய் வந்தவனாம். வந்த ஆக்களுக்கும் சொன்னவள். எல்லாரும் கேட்டவை."

அவன் சோற்றுப்பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.

"அண்டைக்கு எனக்கு லீவு அங்கிள். நான் அங்கை நிக்கவே இல்லை."

"தெரியும்."

"நீங்கள் சொல்லேல்லையோ?"

நான் சொல்லவில்லை. அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், ஆட்களுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு.

ஒலிவ்காய்க்காரன் எங்களை விலகச் சொல்லிக் கை காட்டினான். நாங்கள் விலகினோம். கொட்வின் பொட்டலத்தை என் கையிலேயே திருப்பித் தந்தான், மெல்லமாக, கொட்டிப்போகாமல்.

"இதைச் சாப்பிட ஏலாது அங்கிள்" என்றான். "மற்றதெல்லாம் நான் பொறுத்துக்கொள்ளுவன். அவன் சாக நான் காரணமெண்டு..." சந்தைச் சனத்துக்குள் நடந்து போனான். வெள்ளைச் சேட்டுக் கொஞ்சத்தூரம் தெரிந்தது.

நான் பொட்டலத்தைச் சேட்டுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஆட்கள் போய்விட்டார்கள். செல்வமலர் இலையை விரித்துவிட்டு இருந்தாள்.

"எங்கை போட்டியள்? அந்தக் கள்ளன் நிண்டவனாம். கண்டனீங்களோ?"

"கண்டன்."

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை."

"மூஞ்சையைக் காட்ட வெக்கமில்லை. இருங்கோ, சாப்பிடுவம்."

எனக்குப் போட்டுவிட்டுத் தனக்கும் போட்டாள். கொட்வினைப் பேசிப் பேசிக் குழைத்தாள். குழைத்துச் சாப்பிட்டாள். பூசனிக்காய்க் கறி நல்லாய் வந்திருக்கிறது என்று சொல்லி, இன்னொரு அகப்பை சோறு போட்டாள். நான் சோற்றோடு என்னுடைய இலையை மடக்கிவிட்டு, அவள் சாப்பிட்டு முடியும்வரைக்கும் பக்கத்தில் இருந்தேன்.